பஞ்சம் நிஷிகோரியின் ஒற்றைச் சோற்று உருண்டை

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு தோன்காட்சுவைத் தின்றே தீருவது என்று நிஷிகோரி சபதம் எடுத்தார். பல் தேய்த்துக்கொண்டே எடுத்த சபதம். வாயில் நுரை தள்ளியது. பார்ப்பவர்கள் ஆவேசத்தில் தள்ளிய நுரை என்றே நினைத்திருப்பார்கள். பார்க்கத்தான் ஆள் இல்லை.

தோன்காட்சு என்பது ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுத்த பன்றிக்கறித் துண்டு. நிஷிகோரிக்கு அதுதான் வாழ்க்கை லட்சியம். வசந்தகாலத்தில் கம்பெனி வழக்கம்போல எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்தது. இவருடைய ரத்தத்தில் ரத்தத்தைவிடக் கொழுப்பு அதிகம் என்றார் டாக்டர். இலையுதிர்காலத்தில் மறுபரிசோதனை, அதுவரை எண்ணெய் கூடாது. அன்றோடு வாணலி அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. காலையில் முள்ளங்கி. மத்தியானம் மனைவி ஃபுசாயே கட்டிக்கொடுத்த டப்பாவில் முள்ளங்கி. ராத்திரி கொன்யாக்கு. அது கிழங்கு மாவில் செய்கிற பண்டம். கடித்தால் திருப்பிக் கடிக்கும்.

வெளியே வாங்கித் தின்னலாமே என்பீர்கள். நிஷிகோரியும் அப்படித்தான் நினைத்தார். தெருமுனைக் கறிக்கடையில் மாலையானால் கட்லெட் பொரிப்பார்கள். ஒசாகாவில் பாதிப்பேர் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கிறார்கள்.

"ஒண்ணே ஒண்ணு குடுங்கம்மா. இங்கயே நின்னு சாப்பிட்டுடறேன்."

"உங்களுக்குக் குடுத்தா, உங்க வீட்டம்மா இனிமே இந்தக் கடைப் பக்கமே வரமாட்டாங்களாம்" என்றாள் கடைக்காரம்மா. "நீங்க எப்பவாச்சும் ஒரு கட்லெட்டு. அவங்க வாரம் பூரா வாடிக்கை. நீங்களே சொல்லுங்க ஐயா, நான் யாரைப் பகைச்சுக்க?"

நிஷிகோரி வாசனையை மட்டும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதற்குக் காசு கேட்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், மனிதருக்கு ஆபீசில் உத்தியோகமே சோறு போடுவதுதான். அவருடையது வீடியோ கேம் தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனி. ஓடித் தாவிக் குதிக்கிற விளையாட்டுகள். இப்போது தயாராகிக்கொண்டிருந்ததில் ஒரு நீர்நாய்க்குட்டி தபால்பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். உயிருக்கு அடையாளமாகத் திரையில் இதயங்கள். காக்கை கொத்தினால் ஒன்று போகும். முள்ளில் விழுந்தால் இன்னொன்று. மொத்தம் மூன்றுதான், மூன்றும் போனால் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து ஆடவேண்டும். வழியில் ஒரு சோற்று உருண்டை கிடைத்தால் தின்று தேறிக்கொள்ளலாம். அந்த உருண்டையை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்பதெல்லாம் நிஷிகோரியின் ராஜ்யம். அந்த ராஜ்யத்தில் மழையே பெய்ததில்லை. ஆபீசில் அவருக்குப் பெயரே 'பஞ்சம்'. "நிஷிகோரி-சான், ஆடிப் பாக்க வந்த பசங்க அழுதுட்டுப் போறாங்க" என்று மேலாளர் இனுய் கெஞ்சுவார். "அழட்டும். அழுதா உடம்பு உறுதியாகும்" என்பார் இவர்.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் விஷயம் வெடித்தது.

"மனுஷன் இதைத் தின்னு உயிரோட இருக்க முடியுமா?" கொன்யாக்கைக் குச்சியால் குத்தினார். அது வழுக்கி ஓடியது.

"உங்க நீர்நாய்க்கு எவ்வளவு போடறீங்க?" என்றாள் ஃபுசாயே.

"ஒரு கட்டத்துக்கு ஒரு உருண்டை."

"அது உயிரோட இருக்குல்ல?"

"அது விளையாட்டு!"

"அதுக்கு மூணு வேளையும் ஓட்டம், தாவல், குதிப்பு. நீங்க ரயில்ல உக்காந்து போறீங்க, நாற்காலியில உக்காந்துட்டு வர்றீங்க. உங்களுக்கு அரை உருண்டை போதும்."

நிஷிகோரிக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு உருண்டையை வெச்சுக்கிட்டு ஒரு கட்டத்தைக் கடக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்கு என்ன தெரியும்? ஒரு தடவை ஆடிப் பாரு, அப்பப் பேசு."

"ஆடறேன்."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை கொண்டாங்க. ஆடறேன். நான் ஜெயிச்சா, மறுபரிசோதனை வரைக்கும் போட்டதைத் தின்னணும். மூச்சு விடக்கூடாது."

"நான் ஜெயிச்சா தோன்காட்சு. வீட்டுலயே பொரிக்கணும்."

"ரெண்டா பொரிக்கறேன்" என்றாள் ஃபுசாயே.

அந்த 'ரெண்டா' என்ற சொல் நிஷிகோரியின் காதில் மறுநாள் முழுக்க ரீங்காரமிட்டது. ஃபுசாயே வாழ்நாளில் கேம் பெட்டியைத் தூசி தட்ட மட்டுமே தொட்டவள். ஆனாலும் அவர் அலட்சியமாக இருந்துவிடவில்லை. முதல் கட்டத்தில் மட்டும், புதியவர்களுக்காக இனுய் கெஞ்சி வைக்கச்சொன்ன கொஞ்சநஞ்ச உருண்டைகளையும் பொறுக்கி எடுத்தார். காக்கைகளைக் கூட்டினார். ஒரே ஒரு உருண்டையை மட்டும் விட்டார். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அதை ஆபீசிலேயே யாரும் கண்டுபிடிக்க முடியாத ஓரிடத்தில் ஒளித்தார். ஒளித்துவிட்டு, தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை துணிகளை உலர்த்திவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஃபுசாயே டிவி முன்னால் உட்கார்ந்தாள். நிஷிகோரி பெருந்தன்மையாக விதிகளை அறிவித்தார்.

"எத்தனை தடவை வேணா சாகலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள முதல் கட்டத்துக் கடைசி வாசலைத் தொட்டாப் போதும்."

"நேரக் கணக்கு எதுவும் ஓடாதா?"

"நம்ம கேம்ல கடிகாரமே கிடையாது. பசியே ஆளை விரட்டும், கடிகாரம் எதுக்கு?"

நீர்நாய் தபால் நிலையத்து வாசலில் நின்றது. ஃபுசாயே அதை வலப்பக்கம் ஓடவிட்டாள். காக்கை கொத்தியது. எழுந்து ஓடியது. இன்னொரு காக்கை கொத்தியது. முள்ளில் விழுந்தது. முடிந்தது, மறுபடியும் தபால் நிலையம். ஓடியது, கொத்தியது, விழுந்தது. காலை முழுக்க நீர்நாய் செத்துச் செத்துப் பிழைத்தது. நிஷிகோரி மெல்லச் சமையலறைக்குப் போய் மேல்தட்டிலிருந்து வாணலியை இறக்கி, துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

ஃபுசாயே விளையாட்டை நிறுத்திவிட்டு டீ போட்டுக்கொண்டாள். டிவியைப் பார்த்தபடி ஒவ்வொரு வாயாகக் குடித்தாள்.

"ஏங்க, இதுல சோத்து உருண்டையை வெச்சது நீங்களேதானே? வேற யாரும் கை வெக்கலையே?"

"நானே. என் கையாலயே வெச்சேன்."

"அப்பச் சரி."

கோப்பையைக் கீழே வைத்தாள். நீர்நாயை இடப்பக்கம் திருப்பினாள்.

"ஏய், அந்தப் பக்கம் சுவர்! வலது பக்கம் போகணும்!" நிஷிகோரியின் குரல் கீச்சென்றது.

நீர்நாய் தபால் நிலையத்துச் சுவருக்குள் நுழைந்தது. உள்ளே, இருட்டு மூலையில், வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது சோற்று உருண்டை.

"எ... எப்படி?"

"நம்ம வாசல்ல, செருப்பு அலமாரிக்குப் பின்னால, உங்க பனி பூட்ஸுக்குள்ள வேர்க்கடலை வெப்பீங்களே, அப்படித்தான். வெளிய கிளம்பற அவசரத்துல வாசலை யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்கன்னு உங்களுக்கு ஒரு நினைப்பு."

"அது... உனக்குத் தெரியுமா?"

"வாசலைப் பெருக்கறது யாரு?"

"தெரிஞ்சுமா விட்டுவெச்ச?"

"எங்க விட்டேன்? வேர்க்கடலையை எடுத்துட்டு வறுத்த சோயாவைப் போட்டு வெச்சேன். இத்தனை நாளா அதைத்தான் தின்னுட்டிருக்கீங்க."

சமீபகாலமாக வேர்க்கடலையில் ருசி குறைந்துவிட்டதே, நாட்டில் விவசாயம் இவ்வளவு கெட்டுவிட்டதா என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது உண்மை. இருந்தாலும் மனசைத் தேற்றிக்கொண்டார். உருண்டை கிடைத்தால் என்ன? ஒன்றுதானே? அது தீர்ந்தால் காக்கைகள் பார்த்துக்கொள்ளும்.

ஃபுசாயே உருண்டையைத் தின்றுவிட்டு வலப்பக்கம் போனாள். இரண்டு காக்கைகள் கொத்தின. நின்றாள். யோசித்தாள். திரும்பி வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள்.

"எங்க போற?"

"பருக்கை ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாத்துட்டு வர்றேன்."

நிஷிகோரி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நீர்நாய் சுவருக்குள் நுழைந்தது. முழுசாக ஒரு உருண்டை அங்கே உட்கார்ந்திருந்தது.

சிரிப்பு அந்தரத்தில் நின்றது. இந்த மாதிரி விளையாட்டுகளில் ஓர் இடம் திரையை விட்டு மறைந்து, மறுபடி திரைக்குள் வந்தால், அங்கே இருந்தது எல்லாம் புதிதாக முளைத்துவிடும். காக்கையும் முளைக்கும், சோறும் முளைக்கும். தடுக்க வேண்டுமென்றால் தனியாக எழுதி வைக்கவேண்டும். நிஷிகோரி எழுதவில்லை. சோற்றுக்காக யாராவது வந்த வழியே திரும்பி நடப்பார்களா? இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஓர் ஆளை அவர் கண்டதில்லை. எல்லோரும் முன்னால்தான் ஓடுவார்கள்.

"ஏங்க, எடுத்தா மறுபடி வருது!"

"அது... எப்பவாவதுதான் வரும்."

ஃபுசாயே வெளியே போய்த் திரும்பி வந்தாள். வந்தது. மறுபடி போனாள். வந்தது. "நல்ல வசதியா இருக்கே" என்றாள். அதற்குப் பிறகு நீர்நாய் ஓடவே இல்லை. காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி நடந்தது. கொஞ்ச தூரம் போகும், கொத்துப்படும், திரும்பி வந்து தின்னும், மறுபடி கிளம்பும். போகவர எத்தனை தடவை நடந்தாளோ, எந்தக் காக்கை எப்போது வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. காக்கைகளுக்குத்தான் அவள் எப்போது வருவாள் என்று தெரியவில்லை.

மாலை மயங்கியது. வாசல் நெருங்கிக்கொண்டிருந்தது. நிஷிகோரி எழுந்துபோய்த் தூசி உறிஞ்சும் மெஷினை இழுத்துவந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை.

"பாவம், நீ நாள் பூரா உக்காந்திருக்க. நான் கூட்டிடறேன்."

"டிவி பக்கம் வரவேண்டாம். ஒயர்ல கை பட்டுப் பிளக் கழண்டுடும்." திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒயரின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"போன் அடிக்குது போலிருக்கே?"

"அடிச்சா எடுங்க."

கடைசிக் காக்கை கொத்த வந்தது. நீர்நாய் ஒரு தாவுத் தாவி, அதன் தலைமேலேயே கால் வைத்து, வாசலைத் தொட்டது. டிவியில் வாழ்த்துப் பாட்டு ஒலித்தது. ஆபீசில் அந்தப் பாட்டை நிஷிகோரி ஒருமுறைகூட முழுசாகக் கேட்டதில்லை. வெகு நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஃபுசாயே கையை உதறிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த வாணலியைப் பார்த்தாள். அதை எடுத்து மேல்தட்டில் வைத்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வந்தது. நடுவில் ஒரே ஒரு சோற்று உருண்டை.

"இவ்வளவுதானா?"

"உங்க கணக்குதாங்க. ஒரு கட்டத்துக்கு ஒண்ணு. நான் குறைக்கக்கூட இல்ல."

மூச்சு விடக்கூடாது என்பது பந்தயம். நிஷிகோரி தின்றார். இரண்டே வாயில் தீர்ந்தது. சோறு இவ்வளவு ருசியாக இருக்கும் என்பதே அவருக்கு இன்றுதான் தெரிந்தது. அழ வைத்து அனுப்பிய பையன்கள் எல்லோரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அவருக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"ஃபுசாயே... இன்னொண்ணு?"

"வாசல் வரைக்கும் போயிட்டு வாங்களேன். மறுபடி வருதான்னு பாப்போம்."

நிஷிகோரி ரோஷக்காரர். செத்தாலும் போவதில்லை என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஃபுசாயே எதிரில் உட்கார்ந்து நிதானமாகத் தன் பங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்தார். யாரோ கூப்பிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். கதவைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். அவசரப்படாமல் திரும்பி வந்தார்.

தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.