திருவிழாவுக்குள் முடியக்கூடாத பாத்ரூம்

இந்த வருஷம் வீரபாண்டித் திருவிழாவுக்கு என் மனைவியின் பிறந்த வீட்டார் ஒருவர்கூட என் வீட்டில் பல் துலக்கக் கூடாது. சித்திரை பிறந்த அன்று காலை, வாயில் நுரையோடு நான் எடுத்த சபதம் இது.

காரணத்தைக் கேட்டால் நீங்களும் என் பக்கம்தான் பேசுவீர்கள். எங்கள் வீடு பழனிசெட்டிபட்டியில். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வீரபாண்டி. இந்த ஒரு குற்றத்துக்காக வருஷா வருஷம் காமயகவுண்டன்பட்டியிலிருந்து என் மச்சான் சுருளியாண்டி, மனைவி மக்கள், தம்பி குடும்பம் என்று பதினோரு பேரோடு வந்து இறங்குவார். திருவிழா எட்டு நாள். எட்டு நாளும் ஜாகை இங்கேதான். வீட்டில் இருப்பது ஒரே பாத்ரூம்.

போன வருஷம் நான் பல் துலக்கியது பெட்ரோல் பங்கில். குளித்தது முல்லையாற்றில். ஒரு நாள் காலை பொறுக்க முடியாமல் கதவைத் தட்டிவிட்டேன். உள்ளேயிருந்து மச்சான், "யாரு?" என்றார். என் வீட்டு பாத்ரூமில் உட்கார்ந்துகொண்டு என்னையே யார் என்று கேட்கிறார்! "நான்தான் சசிதரன்" என்று பதில் வேறு சொன்னேன். "இருங்க மாப்ள, இப்பத்தான வந்தேன்" என்றார். அவர் உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்தக் கசப்பு இன்னும் என் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

சபதம் எடுத்த மறுநாள் என் மனைவி கிருபாவதியே எனக்கு வழி காட்டினாள்.

"ஏங்க, திருவிழாவுக்குள்ள பாத்ரூம இடிச்சுப் புதுசா போட்டுரணும். டைல்ஸ் பூராம் உப்புப் பூத்துக் கெடக்கு. போன வருஷமே அண்ணன் மொகஞ்சுளிச்சாக."

"முக்கால் மணி நேரமா உள்ள உக்காந்து சுளிச்சாரோ?"

"என்ன சொன்னீக?"

"நல்ல யோசனைன்னு சொன்னேன்."

நிஜமாகவே நல்ல யோசனைதான். இடித்துப் போட்ட பாத்ரூம் உள்ள வீட்டுக்கு எந்த விருந்தாளியும் வரமாட்டான். இடிக்க வேண்டியது. ஆனால் முடிக்கக் கூடாது. திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. வேலையை இழுத்தடிக்க வேண்டுமென்றால் நானும் வேலைக்குள் இருக்க வேண்டும்.

"கொத்தனார் கூடவே நின்னு நானும் வேலை கத்துக்கிடுறேன் கிருபா."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "பல்பு மாட்டச் சொன்னா எலக்ட்ரீசியனுக்குப் போன் போடுற ஆளு நீங்க."

"விருப்ப ஓய்வு வாங்கிட்டு வீட்டுல சும்மா இருக்க முடியலடி."

"ஏன், இருபத்தெட்டு வருஷம் ஆபீஸ்ல இருந்தீகள்ல?"

ஆனாலும் சரி என்றுவிட்டாள். ஒரு விஷயத்துக்கு அவள் இத்தனை சீக்கிரம் சரி சொல்கிறாள் என்றால் நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். எனக்குத்தான் அந்தப் பழக்கம் கிடையாதே.

மறுநாள் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. முன்னால் டைல்ஸ் வெட்டும் மிஷின், பின்னால் சிமெண்டுச் சட்டி. ஓட்டி வந்தது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்.

"கொத்தனார் வரலையாம்மா?"

"நாந்தாண்ணே கொத்தனாரு. நாகஜோதி. கட்டப்பனையில எட்டு வருஷம் டைல்ஸ் வேலை பாத்துட்டு வந்திருக்கேன். அக்கா சொன்னாக, நீங்க வேலை கத்துக்கிடணுமாமே? செரி, சுத்தியல எடுங்க."

எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. பெண்பிள்ளைதானே, ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்தும் ஒருவனுக்கு இப்படி நினைக்கத் தோன்றுகிறது என்றால் அவனுக்கு வரும் எதையும் பார்த்து நீங்கள் பரிதாபப்பட வேண்டாம்.

முதல் வாரம் சந்தேகம் கேட்டே ஓட்டினேன். சுவர் டைல்ஸை ஏன் ஊறப்போட வேண்டும்? எத்தனை நேரம்? வெந்நீரிலா, பச்சைத் தண்ணீரிலா? சந்தேகம் தீர்ந்தபோது டைல்ஸை உடைத்தேன். தினம் நாலு.

"கை வழுக்கிருச்சு நாகஜோதி."

"பரவால்லண்ணே. ஒடச்சத மூலைக்கு வெட்டிப் போட்டுக்கிடலாம்."

நான் எதை உடைத்தாலும் அவளுக்கு அதற்கு ஒரு மூலை இருந்தது. கோபமே வராது. தப்பாக ஒட்டினால் பெயர்த்து என் கையிலேயே கொடுப்பாள். "மறுக்கா ஒட்டுங்கண்ணே." மறுபடியும் ஒட்டுவேன். கொத்துக் கரண்டிப் பிடியால் தட்டிப் பார்ப்பாள். "டொக்குன்னு கேக்குது பாருங்க, உள்ள கலவை நெறையாமப் பொள்ளு. மறுக்கா." இடுப்பு ஒடிந்தது. விரல் நகமெல்லாம் சிமெண்டு. தார்ப்பாய் கட்டிய கொல்லையில் குளித்துக்கொண்டு, அவசரத்துக்கு அடுத்த வீட்டு அனுசுயா அக்காவிடம் கெஞ்சிக்கொண்டு, எல்லாவற்றையும் பொறுத்தேன். எட்டு நாள் நிம்மதிக்காக மூன்று வாரம் சீரழியலாம் என்பது என் கணக்கு.

இதற்கிடையில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. வேலை எனக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் மதியம் ஜன்னலுக்குக் கீழே ஒரு வரிசை ஒட்டினேன். நாகஜோதி ரசமட்டம் வைத்தாள். குமிழி நட்ட நடுவில் நின்றது. கரண்டியால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். எதிலும் பொள்ளு இல்லை. "அண்ணே, இத நானே ஒட்டுன மாதிரி இருக்கு" என்றாள். கிருபாவதி வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். இருபத்தெட்டு வருஷ ஆபீஸ் வேலையில் நான் செய்த எதையும் எவரும் நின்று பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிமெண்டுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு சுவரைக் கெடுக்க மனசு வரவில்லை. அதனால் தரையைப் பிடித்தேன்.

தரையில் டைல்ஸ் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. தண்ணீர் கசியாமல் இருக்க மருந்து பூசிவிட்டு, சாக்கடை ஓட்டையைத் துணியால் அடைத்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுவைப்பார்கள். இரண்டு நாளில் தண்ணீர் கோட்டை விட்டு இறங்கினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி பூச வேண்டும், மறுபடி காய வேண்டும், மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? விடிந்ததும் யாரும் எழுவதற்கு முன்னால் போய்த் துணியைக் கொஞ்சம் இழுப்பேன். இரண்டு விரல் இறங்கியதும் அடைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வேன்.

மூன்று தடவை தண்ணீர் கட்டினாள். மூன்று தடவையும் இறங்கியது.

"என்னண்ணே இது, தண்ணி இந்த எறங்கு எறங்குது, வெளிச் செவுத்துல ஒரு பொட்டு ஓதத்தக் காணோம்?"

"மண்ணு குடிச்சிருக்கும் நாகஜோதி. நம்ம ஊரு மண்ணு அப்படி."

"ஓ" என்றாள். கிருபாவதியும் பின்னால் நின்று "ஓ" என்றாள்.

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, நான் கேட்க வேண்டும் என்று காத்திருந்த போனைக் கிருபாவதி தன் அண்ணனுக்குப் போட்டாள்.

"அண்ணே, பாத்ரூம் வேல முடியலண்ணே. எல்லாரும் வந்தா ரெம்பச் செரமப்படுவீக... ஆமாண்ணே... அவுகளும் பாவம், ராப்பகலா பாக்குறாக."

போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் ஏழு பணியாரம் சாப்பிட்டேன். ஜெயித்தவனுக்குத்தான் அப்படிப் பசிக்கும்.

மறுநாள் மச்சான் மட்டும் தனியாக வந்தார். "மாப்ள வேலையப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்." சுவரைத் தடவினார். தட்டினார். அண்ணாந்து பார்த்தார். முப்பது தடவை தலையை ஆட்டினார். "ஏத்தா கிருபா, இம்புட்டு நாளா இந்தக் கையவா பேனா பிடிக்க விட்டிருந்தோம்?"

பிறகு பையிலிருந்து ஒரு தாம்பாளத்தை எடுத்தார். வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு துண்டு, நடுவில் பளபளவென்று ஒரு புதுக் கரண்டி. எனக்கு மரியாதை! அதுவும் மச்சான் கையால்! இந்த மனுஷனையா வேண்டாம் என்று நினைத்தோம் என்று ஒரு நிமிஷம் வெட்கமாகக்கூட இருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினேன்.

நாகஜோதி கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "செரிண்ணே, வெத்தலைய வாங்கிட்டீக. இனி மாத்திப் பேசக் கூடாது."

"என்ன மாத்திப் பேச?"

"கொத்தனாருக்குக் கரண்டியோட வெத்தல வச்சா வேலைக்குக் கூப்பிடுறாகன்னு அர்த்தம். வாங்கிட்டா ஒத்துக்கிட்டாகன்னு அர்த்தம். வேலைய முடிக்காம கரண்டியக் கீழ வைக்கக் கூடாதுண்ணே. தொழிலுக்கு ஆகாது."

"எந்த வேலை?"

"எங்க வீட்டு பாத்ரூம்தான் மாப்ள" என்றார் மச்சான். "நேத்தே இடிச்சுப் போட்டாச்சு. டைல்ஸும் வந்து எறங்கிருச்சு. வெளியாள நம்பி விட முடியுமா?"

"நேத்தே இடிச்சாச்சா? அப்ப வீட்டுல இருக்கவுக எங்கன போவாக?"

"வேற எங்கன போவாக?" என்றாள் கிருபாவதி. "இங்கனதான் வாராக."

"இங்கதான் இன்னும் முடியலையே!" என்று கத்தினேன். "தண்ணி இறங்குதுல்ல!"

நாகஜோதி தரையைக் காட்டினாள். "ஒன்றரை நாள் வேலைதாண்ணே பாக்கி. தண்ணிய எறக்குற ஆளு காமயகவுண்டன்பட்டிக்குப் போயிட்டா, தண்ணி நிக்கப் போகுது."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இப்படியாக, வீரபாண்டியில் தேர் ஓடிய நாட்களில் நான் காமயகவுண்டன்பட்டியில் ஆளில்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டினேன். குளியல் திராட்சைத் தோட்டத்து பம்புசெட்டில். சாப்பாடு பஸ் ஸ்டாப் பரோட்டா. தினமும் கிருபாவதி வீடியோ அனுப்பினாள். என் ஜன்னல், என் வரிசை, அதற்கு முன்னால் நின்று முகம் கழுவும் மச்சானின் தம்பி.

அழுகையாக வந்தது. ஆனால் கை மட்டும் சொன்னபடி கேட்டது. சீக்கிரம் முடித்தால் இவர்களைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்பலாம் என்ற வெறியில், ஆனால் ஒரு பொள்ளுகூட விடாமல், ஏழாவது நாளே முடித்தேன். சொல்லக் கூடாது, எங்கள் வீட்டைவிட நன்றாக வந்திருந்தது.

அன்று மதியம் ஒருவர் தன் மனைவியோடு வந்தார். பெயர் மகிழன், பள்ளிக்கூட வாத்தியார், ஊருக்குப் புதுசாம். "சுருளியாண்டி அண்ணன் பாத்ரூமைப் பார்த்துட்டு வரச் சொன்னாரு" என்றார். என் புகழ் அதற்குள் பரவிவிட்டது. ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது ஒரு சொட்டு தங்காமல் வாட்டத்தில் ஓடிச் சாக்கடையில் விழுவதைக் காட்டினேன். கரண்டியைக் கொடுத்து அவர்களையே தட்டிப் பார்க்கச் சொன்னேன். அந்த அம்மாள் அசந்துபோய், "இதுக்காகவே இங்க குடியிருக்கலாம்" என்றார். எந்தக் கலைஞனுக்கு இதைவிடப் பாராட்டு வேண்டும்? அவர்கள் போனதும் கிருபாவதிக்குப் போன் போட்டேன்.

"முடிச்சாச்சு! நாளைக்குக் காலையில முதல் பஸ்ல அவங்கள அனுப்பு."

"இப்பத்தாங்க அந்த வாத்தியாரு பேசுனாரு. பாத்ரூம் ரெம்பப் பிடிச்சுப்போச்சாம். வாரக் கடைசியில பாலு காச்சுறாக."

"எந்த வீட்டுல?"

"நீங்க நிக்கிற வீட்டுலதான். அண்ணன் வாடகைக்கு விட்டுட்டாக. இல்லாட்டி அண்ணன் மக திரிஷாவத் தேனி காலேஜுல சேத்துட்டுத் தெனம் அம்புட்டுத் தூரம் அனுப்ப முடியுமா? இனி அவுக குடும்பத்தோட நம்ம வீட்டுலதான். நாந்தான் வரச் சொன்னேன்."

கரண்டி கை நழுவித் தரையில் விழுந்தது. டைல்ஸ் உடையவில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தேன். மனதைத் தேற்றிக்கொண்டு விரலை மடக்கினேன். பி.ஏ. என்றாலும் பி.எஸ்ஸி. என்றாலும் மூன்று வருஷம், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம்.

"பிள்ள என்ன படிக்கப் போகுது?"

"வக்கீலுக்குங்க. அஞ்சு வருஷம்."