இழுவைச் சித்தரும் இஞ்சின் ஜாதகமும்

நத்தம் சாலையில், சிறுமலைப் பிரிவுக்குச் சற்று முன்னால், காலை ஏழு மணிக்கே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பெட்ரோல் பங்க் என்று நினைத்துவிடாதீர்கள். அது இழுவைச் சித்தரின் மடம். மேட்டில் ஏறத் திணறும் இஞ்சினுக்கு மந்திரத்தாலேயே இழுவை கூட்டித் தருவாராம். கம்பெனிக்காரன் ஆயிரம் பொறியாளரை வைத்து வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலையை, இவர் ஒரு சாம்பிராணிக் கரண்டியோடு முடித்துவிடுவார்.

மடத்தில் மதபேதம் கிடையாது. பிராங்கிளினின் பள்ளிக்கூட வேனும், முகமது பாரூக்கின் பிரியாணி அண்டா ஏற்றும் வண்டியும் ஒரே வரிசையில் நிற்கும். ஏமாறுவதில் நம் ஊர் அவ்வளவு ஒற்றுமை.

சித்தர் இஞ்சின் நம்பரை வைத்து ஜாதகம் கணிப்பார். வால்வு ராகு காலத்தில் திறக்கிறது, அதனால்தான் வண்டி இழுக்கவில்லை என்பார். கூட்டம் உச்சுக்கொட்டும். இஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஆயிரத்து ஐந்நூறு தடவை திறந்து மூடும். அதில் எந்தத் தடவை ராகு, எந்தத் தடவை எமகண்டம் என்று இவர் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதற்குள் வண்டி மதுரை போய்ச் சேர்ந்துவிடும். அதை யாரும் கேட்கவில்லை.

ஆனால் மனிதர் வெறும் வாய்ப்பேச்சு இல்லை, கண்முன்னே நிரூபிப்பார். மடத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு உண்டு. முதலில் பானெட்டைத் திறந்து, புகை போட்டு, தோஷப் பரிசோதனை. அப்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூடாதவன் பார்வைக்கு மடம் பொறுப்பல்ல. பிறகு வண்டியை மேட்டில் ஏற்றச் சொல்வார். முக்கால் மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்பார். மறுபடி காணிக்கை, மறுபடி புகை, மறுபடி கண்மூடல். அதே வண்டி கிர்ரென்று ஏறும். விளக்கு மூன்று நாளில் அணையும் என்பார், அதுவும் அணையும்.

சில வண்டிகளுக்கு மட்டும் பரிகாரம் பலிக்காது. அவை காவு கேட்கும் வண்டிகள். உயிர் பிழைக்க வேண்டுமானால் உரிமையாளர் வண்டியை மடத்துக்கே ஒப்படைத்துவிட வேண்டும். காவு கேட்டவை எல்லாமே பளபளக்கும் புது வண்டிகள் என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. கண்தான் மூடியிருந்ததே.

இந்த வரிசையில் வந்து சிக்கினார் சுருளிவேல். சிறுமலைக்கு மளிகையும் உர மூட்டையும் ஏற்றிப்போய், வாழைத்தாரோடு இறங்குகிற, பளபளப்பு மங்காத மினி வேன் அவருடையது. வீட்டில் ஐந்து வயிறு அந்த நான்கு சக்கரத்தை நம்பித்தான் இருந்தது. நாகல் நகரில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் தமிழ்மதி அப்போதுதான் அதன் காற்றுப் பாதையைச் சுத்தம் செய்து, வால்வு டைமிங்கைச் சரிபார்த்துக் கொடுத்திருந்தாள். வண்டி குதிரையாய்ப் பறந்தது. சும்மா இருந்திருக்கலாம். சர்வீஸ் முடிந்த கையோடு ஒரு பூஜையும் போட்டுவிட்டால் நல்லதுதானே என்று நேரே மடத்துக்கு ஓட்டினார். நல்ல வண்டிக்கு வைத்தியம் பார்க்கப் போனவர் அவர் ஒருவர்தான்.

வண்டியைப் பார்த்ததும் சித்தருக்கு அருள் வந்துவிட்டது. பரிசோதனையில் மேடு ஏறவில்லை, பரிகாரத்துக்குப் பிறகும் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை உச்சிக்குள் மடத்தில் விட்டுவிட வேண்டும் என்று தீர்ப்பானது. அதுவரை பானெட்டில் கட்டிய மஞ்சள் நூலை அவிழ்க்கக் கூடாது. மெக்கானிக் கை பட்டால் தோஷம் ஓட்டுபவர் தலைக்கு ஏறும்.

இரவல் வாங்கிய ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்க வந்த சுருளிவேல், ஒர்க் ஷாப் வாசலிலேயே உடைந்து அழுதார்.

"வண்டிய விட்டுர்றேன் தங்கச்சி. எம்பிள்ளைகளுக்கு அப்பன் வேணும்ல."

தமிழ்மதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நூல நான் அறுக்குறேன்ணே. தோஷம் எந்தலைக்கே வரட்டும்" என்றாள்.

திறந்து பார்த்தால், சுண்டுவிரல் பருமனில் ஒரு ரப்பர் குழாயும், ஒரு ஒயர் சாக்கெட்டும் கழன்று கிடந்தன. இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது காற்றை நீளமான பாதையிலும், வேகமாகச் சுற்றும்போது குறுக்குப் பாதையிலும் விடுவதற்கு ஒரு மடல் உண்டு. அதை ஆட்டுவது அந்தக் குழாய். வேகத்துக்கும் பாரத்துக்கும் தக்கபடி வால்வு திறக்கும் நேரத்தை முன்னே பின்னே மாற்றும் கருவிக்கு மின்சாரம் தருவது அந்த சாக்கெட். இரண்டையும் பிடுங்கினால் மேட்டில் இழுவை செத்துவிடும், மஞ்சள் விளக்கும் எரியும். திரும்ப மாட்டினால் இழுவை வந்துவிடும், விளக்கும் இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் தானே அணையும். இதுதான் அம்மன் கண் திறந்த கதை.

இரண்டையும் மாட்டினாள். சுருளிவேலோ, தானாகக் கழன்றிருக்கும், சாமியைச் சந்தேகப்படாதே என்றார். சரி, பரீட்சை வைத்துப் பார்ப்போம் என்று, வால்வு சரியாக உட்காருகிறதா என்று பார்க்கத் தடவும் நீலப் பசையைக் குழாயிலும் சாக்கெட்டிலும் பூசினாள். கறுப்பு ரப்பரில் அது தெரியாது. கையில் பட்டால் இரண்டு நாளைக்கு எந்தச் சோப்புக்கும் அசையாது. புது மஞ்சள் நூலும் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு வேன் மடத்தில் நின்றது. கடைசியாக ஒரு தடவை பரிசோதிக்கும்படி சுருளிவேல் கும்பிட்டார். புகை எழுந்தது. ஊரே கண்ணை மூடியது. வேன் முக்கால் மேட்டில் முனகி நின்றது. சாவியை வாங்கிக்கொண்ட சித்தர், தாராள மனசோடு இருபது முப்பது பேர் நெற்றியில் திருநீறு இட்டார்.

தமிழ்மதி முன்னால் வந்து, இஞ்சினைத் தொட்டீர்களா என்று கேட்டாள்.

"நாம் இரும்பைத் தொடுவதில்லை அம்மா. மந்திரம் மட்டும்தான்."

"அப்ப கையக் காட்டுங்க."

விரல் ஐந்தும் நீலம். சொறிந்த தாடி நீலம். திருநீறு வாங்கிய நெற்றிகளிலும் ஆளுக்கொரு நீலக் கட்டைவிரல். பிராங்கிளின் பாரூக்கைப் பார்த்தார், பாரூக் பிராங்கிளினைப் பார்த்தார். சித்தர் அசரவில்லை. நீலகண்டன் தம் விரலில் இறங்கிவிட்டான் என்று முழங்கினார். பாதிக் கூட்டம் தொப்பென்று காலில் விழுந்தது.

தமிழ்மதி அலட்டிக்கொள்ளவில்லை. யாரும் கண்ணை மூட வேண்டாம் என்று சொல்லி, பானெட்டைத் திறந்து, குழாயையும் சாக்கெட்டையும் மாட்டினாள். சுருளிவேல் சித்தரிடமிருந்து சாவியைப் பிடுங்கி ஓட்ட, வேன் உச்சிக்கு ஏறியது. பிடுங்கினாள், திணறியது. மாட்டினாள், ஏறியது. அத்தனையும் அசல் ராகு காலத்தில்.

அப்புறம்தான் விழுந்தவர்கள் எழுந்தார்கள். கரூர் பக்கம் பழைய வண்டித் தரகராக இருந்த பழனிக்குமார்தான் இந்தச் சித்தர் என்பது போலீஸ் வந்தபிறகு தெரிந்தது. சுருளிவேல் சாவியை மடியில் செருகிக்கொண்டு, வேனைக் கட்டிப்பிடித்து வாய்விட்டு அழுதார்.

அந்த நேரம் பார்த்து பாரூக், தமிழ்மதியிடம் பவ்யமாக வந்தார். "அந்த நீல மையில கொஞ்சம் என் வண்டிக்கும் தடவி விடும்மா. இழுவை நல்லா வருதுல்ல."

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் சார்பில் நானே சொல்லிவிடுகிறேன்: ஐயா, மையெல்லாம் வேண்டாம். எவனாவது கண்ணை மூடச் சொன்னால், அப்போதாவது அதைத் திறந்து வையுங்கள்.