புருசெத்தில் நிகழ்ந்த செப்புக்காசுப் பெரும்போர்

உலகீர், கேளுங்கள்! அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து கேளுங்கள்! ஒஸ்லோ மாநகரின் கிழக்குக் கோடியில், முகில்தொடு மாடங்கள் ஒன்றையொன்று முறைத்து நிற்கும் புருசெத்துப் பதியில், நான்காம் மாடி ஆளும் நாயகன், பேருந்தோட்டும் பெருந்தகை, உருப்பெருக்காடி ஏந்திய ஒற்றைக்கண் வேங்கை சச்சிதானந்தனின் வீரம் இதோ விளம்பப்படுகிறது.

அன்னவனிடம் ஒரு செப்புக்காசு இருந்தது. அமெரிக்கா என்னும் நாடு தொட்டிலை விட்டு இறங்காத 1787ஆம் ஆண்டில் அடித்தது. ஒருபுறம் கதிரவனும் நிழற்கடிகாரமும், அவற்றின் கீழே ‘உன் வேலையைப் பார்’ என்று ஆங்கிலத்தில் ஓர் ஆணையும். மறுபுறம் கைகோத்த பதின்மூன்று வளையங்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகக் காற்றும் கைவியர்வையும் தவமிருந்து பூசிய கருங்காலி நிறம் அதன் மேனியெங்கும் படிந்திருந்தது. செப்புக்காசு சேர்ப்போருக்கு அந்தக் கறுப்புத்தான் உயிர். அது போனால் காசும் போயிற்று.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். காசுச் சங்கத்தின் கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டிக்குள், அமெரிக்கச் செம்புக்கு ஒரேயொரு குழிதான் மிச்சம். அக்குழிக்கு இன்னொருவனும் உரிமை கோரினான்: தமிழ்நாடு தந்த கணினிக் காவலன், 1794ஆம் ஆண்டுச் செம்பின் செல்வன் ஜானகிராமன். சங்கத் தலைவரோ ஒருவர் மனமும் நோகவிடாத நோர்வேக் குலக்கொழுந்து. “நீங்கள் இருவரும் பேசி ஒருமனதாக முடிவெடுங்கள்” என்று திருவாய் மலர்ந்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். எனவே சனிக்கிழமை சச்சிதானந்தன் இல்லத்தில் இரு காசுகளும் நேருக்கு நேர் மோதுவதென்று நாள் குறித்தாயிற்று.

வெற்றியில் எள்ளளவும் ஐயமில்லாத வேங்கை, எதற்கும் இருக்கட்டுமே என்று, வெள்ளிக்கிழமை காலையில் காசைச் சாமித்தட்டுப் பிள்ளையாரின் காலடியில் வைத்துவிட்டு பஸ் ஓட்டப் போனான். மாலையில் திரும்பியவன் கண்ட காட்சியை எந்த நாவால் உரைப்பேன்! குத்துவிளக்கு மின்னியது. தண்ணீர்ச் செம்பு மின்னியது. அவற்றிடையே, குழாய் பொருத்துபவன் தவறவிட்டுப் போன புத்தம்புதுச் செப்பு வளையம்போல், இளஞ்சிவப்பாய்ப் பல்லிளித்துக்கொண்டு அந்தக் காசும் மின்னியது.

“அழித்தாயே! இருநூறாண்டுத் தவத்தை அழித்தாயே!” என்று அண்டம் அதிர முழங்கினான் வேங்கை.

“என்னப்பா கத்துறியள்?” என்றாள் அவன் இல்லக்கிழத்தி உதயகுமாரி. “கறுத்துப்போய்க் கிடந்தது. விளக்குகளோடை சேத்துப் புளி போட்டு மினுக்கினனான். காசிலையே எழுதிக் கிடக்கு, உங்கடை வேலையைப் பாருங்கோ எண்டு.”

சனிக்கிழமை புலர்ந்தது, மாலையும் ஆயிற்று. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவைத்து, காலுறையோடு களம் புகுந்தான் ஜானகிராமன். பட்டுத்துணி விரித்துத் தன் காசை இறக்கினான். நள்ளிரவின் ஒரு துண்டென அது கறுத்துக் கிடந்தது. எதிரியின் காசைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

“ஐயோ, என்ன சார் இது? போன வாரம் அடிச்ச மாதிரி இருக்கு!”

வேங்கை வாய் திறக்குமுன், தேநீரோடு வந்த உதயகுமாரி எட்டிப் பார்த்தாள். அவள் நெஞ்சு இரக்கத்தால் உருகியது.

“அட தம்பி, உங்கடையும் சரியாக் கறுத்துப்போச்சு. இஞ்சை தாங்கோ. கரைச்ச புளி மிச்சம் கிடக்கு.”

தேநீர்க் கோப்பை ஏந்தியபடியே அவள் ஓரடி வைத்தாள். சிங்கம் கண்ட யானைப்படைபோல், ஆழிப்பேரலை கண்ட நண்டுக்கூட்டம்போல், வரிப் பரிசோதகரைக் கண்ட கடைக்காரன்போல் நிலைகுலைந்தான் ஜானகிராமன்.

“அக்கா, வேணாங்க்கா! கிட்ட வராதீங்க!”

காசை நெஞ்சோடு அணைத்தான், கதவைப் பிளந்தான், நான்கு மாடிப் படிகளையும் நான்கே தாவலில் கடந்து, பங்குனிப் பனிச்சேற்றில் காலுறை சளக்சளக்கென, நிலக்கீழ் ரயிலை நோக்கிப் பறந்தான்.

பல்கணியில் தோன்றினான் சச்சிதானந்தன். மார்பு விம்ம, கைகளை விரித்து, எதிர்மாடிச் சோமாலியர்களும் கீழே நாயோடு நின்ற நோர்வேக் கிழவரும் அண்ணாந்து பார்க்க, புருசெத்து நடுங்கப் பிரகடனம் செய்தான்:

“கண்டேன் பகைவன் புறமுதுகு! களம்விட்டு ஓடியவன் தோற்றான்! நின்றவன் வென்றான்! கண்ணாடிக் குழி எனதே! எனதே!”

கண்காட்சியில் ஜானகிராமனின் காசைத்தான் வைத்தார்கள். சப்பாத்தை அவர் செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போனார்.