யானைத்தலைப் பாறைக்கு வழி

பவாஸ் முதலாளி சனிக்கிழமைக்குள் ஒரு மலையிலிருந்து தப்பித்தாக வேண்டும்.

இரத்தோட்டையில் ஏறி, மூன்றாம் நாள் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும் நடைப்பயணம். கூட்டாளிகள் இருவரும் நாள் குறித்துவிட்டார்கள். தலைவர் பவாஸ். வேறு யார்? மாத்தளையில் அவருடைய புடவைக்கடைக்குள் கால் வைத்த எவருக்கும் அவர் அந்த மலையைத் தன்னந்தனியாகக் கடந்த கதை தெரியும். வாங்க வந்தவர் தயங்கினால் இன்னொரு சேலையை விரிப்பார். கூடவே மலையையும் கொஞ்சம் விரிப்பார். யானைத்தலை போல ஒரு பாறை, அதன் காதுக்குள் இளநீராய் இனிக்கும் ஊற்று, அதற்கு மேலே ஏழு பேர் படுக்கும் குகை.

உண்மையில் அவர் மலைப்பக்கம் போனது ஒரே தரம்.

"வேன்லதான். அதுவும் பாதி வழியில தல சுத்தி, சத்தி எடுத்துட்டுத் திரும்பினீங்க," என்றாள் மனைவி றிஸ்மியா. "உள்ளத சொல்லிடுங்களேன்."

உள்ளதைச் சொல்வதாவது! பதினைந்து வருடத்துக் கௌரவம்.

முதலில் மழையைக் காட்டித் தப்பப் பார்த்தார். கூட்டாளிகளில் ஒருவர், வஹகோட்டையில் புவியியல் படிப்பிக்கும் ஷெல்டன், ஒரு வாரத்துக்குச் சொட்டு மழை இல்லையென்று போனைக் காட்டினார். காட்டுக்குள் போக அனுமதி லேசில் கிடைக்காது என்றார் பவாஸ். பலாபத்வலயில் மிளகு வியாபாரம் செய்யும் மற்றக் கூட்டாளி றிஷாத் மறுநாளே அனுமதிக் கடிதத்தோடு வந்து நின்றான். பார்த்தவுடன் பயந்துவிடட்டும் என்று யானைத்தலை, ஊற்று, குகை எல்லாம் போட்டு, வளைவும் பள்ளமுமாக ஒரு பாதைப்படம் வரைந்து கொடுத்தார். ஷெல்டன் அதை லேமினேட் செய்து பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

மிச்சமிருந்தது ஓர் ஆயுதம்.

"ஊர் ஆள் ஒருத்தர் கூட வராம நான் ஏற மாட்டேன் மச்சான். அது மலைக்குச் செய்ற மரியாத."

மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு எவன் வருவான் என்பது அவர் நினைப்பு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு றிஷாத் இருவரையும் வேனில் ஏற்றி, இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையாய்க் குடியிருக்கும் லயத்தில் கொண்டுபோய் இறக்கினான். அந்த மலையை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர் என்று தோட்டமே கைகாட்டிய நாகமுத்து, பவாசைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

பவாஸ் மெல்ல ஷெல்டனுக்குப் பின்னால் நகர்ந்தார். இந்த மனிதர் வாயைத் திறந்தால் பதினைந்து வருடமும் போச்சு.

நாகமுத்து திறந்தார். "ஏறினதும் யானத்தல மாதிரி ஒரு பாற வரும்ங்க. அது காதுக்குள்ள ஊத்து. எளநி தோத்துப் போகும். மேல ஒரு கொக, ஏழு பேரு தாராளமா படுக்கலாம்."

பவாஸ் ஷெல்டனின் பையைப் பார்த்தார். படம் உள்ளேதான் இருந்தது.

"கொக வாசல்ல தேன்கூடு. சேலக் கொசுவம் மாதிரி அடுக்கடுக்கா தொங்கும்."

பவாசுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தேன்கூட்டை அவர் படத்தில் வரையவே இல்லை.

அந்நேரம் பனி விலகியது. தேயிலைக்கு மேலே காடு, காட்டுக்கு மேலே பாறை. வானத்துக்கு இடம் விடாமல் மலை நின்றது. தான் வாய்க்கு வந்தபடி சொன்னதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு இத்தனை காலம் அது பேசாமல் இருந்திருக்கிறது. சுப்ஹானல்லாஹ் என்று உதடு தானாக அசைந்தது. கண் கலங்கியது. பிரமிப்பு மலையின் மேலா, தன் மேலா என்று அவருக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கு விடிய ஏறுறோம்," என்றார். குரலே மாறியிருந்தது. "நாகமுத்தண்ணன் முன்னுக்கு, நான் பின்னுக்கு. வழி தப்பினா என் கடைப் பலகைய நானே கழட்டிடுறேன். நம்ம வாட்ஸப் குரூப்ல போடு றிஷாத்."

றிஷாத் போட்டுவிட்டான்.

நாகமுத்துவின் மனைவி சந்திரகாந்தா பிளேன்டீ கொண்டுவந்து முதல் கோப்பையைப் பவாசிடம் நீட்டினாள்.

"நீங்க கூட போறதாலதான் மொதலாளி தைரியமா அனுப்புறேன். இவரு அந்த மலையில கால வச்சதே இல்ல; போன தீபாவளிக்கு ஒங்க கடையில எனக்கு சேல எடுக்கிறப்ப நீங்க சொன்னதத்தான் இன்னக்கி வரைக்கும் லயம் லயமா சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."