இத்தாலிக் கடையில் வருங்கால மாமனார்

சின்ன வயதில் சாப்பிட்ட கடையைப் பற்றிப் பெருமை பேசக் கூடாது. பேசினாலும் யாரையும் அங்கே அழைத்துப் போகக் கூடாது. போயே தீருவேன் என்றால், வருங்கால மாமனாரையாவது வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். இதையெல்லாம் அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை (அம்மா சொன்னாள், அம்மா சொன்னதெல்லாம் கணக்கில் வராது).

ராயபுரத்தில் ஜோசப் அங்கிள் என்று ஒருவர் இருந்தார். இத்தாலிக் கப்பலில் சமையல்காரராக வேலை பார்த்தவர். கப்பலை விட்டு இறங்கியதும், மீன் வாடைக்கு நடுவே சீஸ், சலாமி, ஆலிவ் எல்லாம் விற்க ஒரு கடை போட்டார். பேட்டையே அதை இத்தாலிக் கடை என்றது. பன்னை இரண்டாகக் கீறி, சீஸும் காகிதம் போலச் சீவிய சலாமி இறைச்சியும் வைத்துத் தருவார். ரோமாபுரியில்கூட இந்த ருசி கிடைக்காது என்று பள்ளியில் சொல்லித் திரிந்தேன். நான் அப்போது மீஞ்சூரைத் தாண்டியதில்லை. அப்புறம் நாங்கள் திருவொற்றியூருக்குக் குடிபோய்விட்டோம்.

முத்துவும் நானும் ஒரே அலுவலகம். எங்கள் கல்யாணத்துக்கு அவன் அப்பா தலையசைக்க வேண்டியதுதான் பாக்கி. விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் அவர், "வடசென்னைப் பொண்ணாடா?" என்று இழுத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கேசரி கிளறி வைத்திருந்தாள். கேசரிக்கெல்லாம் இவர் மசிய மாட்டார், இத்தாலிதான் சரி என்று நான் முடிவு செய்து, அப்பாவையும் மகனையும் ஆட்டோவில் ஏற்றினேன்.

கடையில் பெயர்ப் பலகை இல்லை. அலமாரிகள் காலி. நடுவே பூப்போட்ட விரிப்பு தரைவரை தொங்க, ஒரு நீளமான மேசை. அங்கிளின் மகன் சார்லஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"இன்னா உமா, ஆளே மாறிட்ட! நைனா போய் நாலு வருசம் ஆவுது. கடையும் அவரோட போச்சு. நான் இப்ப வேற லைன்ல கீறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதில், என்ன லைன் என்று கேட்க விட்டுப்போயிற்று.

"அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? எனக்குன்னு கொஞ்சம் வாங்கி வச்சிகினு கீறேன். குந்து, பன்னு போட்டுத் தரேன்."

விரிப்பின் ஒரு முனையைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, சில்லென்று சீஸை எடுத்தான்.

"பாத்தீங்களா மாமா, மேசைக்குள்ளயே ஃபிரிட்ஜ். இத்தாலி ஸ்டைல்" என்றேன் (எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை).

மாமா மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிச் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். "சும்மா சொல்லக் கூடாது தாயி, நல்லாத்தான் இருக்கு" என்றவர், முத்துவிடம் திரும்பி, "தை மாசம் மண்டபம் கிடைக்குமாடா?" என்றார். மூன்றாவது பன்னைப் பாதி கடித்திருந்தபோது சார்லஸின் போன் அடித்தது.

"சொல்லு மாமு... த்சோ, எப்போ? நல்ல மனுசன்யா... ரெண்டு வெளிய போயிருக்கு, ஒண்ணு கீது. ஆளு எத்தினி அடி ஒசரம்? சரி, தோ அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு, தட்டுகளை ஓரமாக எடுத்து, விரிப்பை உருவினான். கண்ணாடி மூடி. பக்கத்துக்கு இரண்டு கைப்பிடி. கீழே சக்கரம். சாவு வீடுகளில் பிணத்தைக் கிடத்தி வாசலிலேயே வைத்திருப்பார்களே, அதே ஐஸ் பெட்டி. அதிலிருந்து மீதி சீஸ், தக்காளி, தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான்.

"தனியா ஃபிரிட்ஜ் வச்சா கரண்டு பில்லு பேஜாரு சார். பயப்படாத, ஒவ்வொரு தபாவும் டெட்டால் ஊத்திக் கழுவிடறேன்."

மாமா மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. என் கல்யாணம் அவர் வாயில் நின்றுகொண்டிருந்தது. முத்து கூரையைப் பார்த்தான். எனக்கு அப்படியே ஓடிப்போய்க் கடலில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

மாமா விழுங்கினார். "கடைசியா இதுல யாருப்பா?"

"காசிமேட்டுல ஒரு பெருசு சார். தொண்ணூத்தாறு வயசு. கொள்ளுப்பேரன் வரைக்கும் பாத்துட்டு தூக்கத்துலயே போய்ட்டாரு. கல்யாண சாவு. பேண்டு இன்னா, பட்டாசு இன்னா!"

"தொண்ணூத்தாறா?" மாமா கையிலிருந்த பாதிப் பன்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதையும் சாப்பிட்டு முடித்தார். "ராசியான பெட்டிதான். தையிலயே வச்சுக்கிடுவோம்."

தையிலேயே நடந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜை யாரும் ஃபிரிட்ஜ் என்று சொல்வதில்லை. விருதுநகரிலிருந்து மாமா வந்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கம்பக்கம் கேட்கக் குரல் கொடுக்கிறார்:

"தாயி, பெருசுகிட்ட மோர் இருக்கா?"