அத்தையின் கம்ப்யூட்டரை வேகப்படுத்தினேன்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைச் சும்மா விடத் தெரியாதவன் நான். இதை நானே ஒப்புக்கொள்வதற்கு, கல்யாணமாகிப் பத்தாம் நாள் மாமியார் ஊரில் இருபது பேர் முன்னால் முழிக்க வேண்டியிருந்தது.

என் மாமியார், அதாவது அத்தை, பந்தல்குடியில் இ-சேவை மையம் நடத்துகிறார். நான் விருந்துக்குப் போனபோது அவர் கம்ப்யூட்டரில் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

"முன்னெல்லாம் ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வருவேன். இப்ப உக்காரதுக்குள்ள வந்துருது மாப்ள" என்றார் பூரிப்பாக.

சிரித்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் எனக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. (வாடிக்கையாளரிடம் போனில் "ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்று சொல்வதுதான் அந்த வேலை. அது மாமனார் வீட்டுக்குத் தெரியாது.)

"எஸ்எஸ்டி போட்டா மட்டும் பத்தாது அத்தை. செட்டிங்ஸை மாத்தணும். இது பாதி வேகத்துலதான் ஓடுது."

"இதே போதும் மாப்ள. இன்னைக்குப் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளு. நாளைக்குப் பாப்பமே."

"அஞ்சே நிமிஷம்."

புது மாப்பிள்ளையிடம் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாசலில் உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்தவர்கள் சிட்டா, அடங்கல் என்று நில ஆவணங்களோடு வரிசையில் நின்றார்கள். நான் நாற்காலியைப் பிடித்தேன்.

எப்போதோ ஒரு வீடியோவில் பார்த்தபடி, பின்னணியில் ஓடும் இரண்டு வேலைகளை நிறுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினை, தைரியம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, விண்டோஸ் வருமுன் திறக்கும் பயாஸ் பக்கத்துக்குள் நுழைந்தேன். டிஸ்க் வேலை செய்யும் முறை 'ஐடிஇ' என்று பழையபடியே கிடந்தது. எஸ்எஸ்டிக்கு 'ஏஹெச்சிஐ'தான் வேகம். மாற்றிச் சேமித்தேன். சாய்ந்து உட்கார்ந்து, "இப்பப் பாருங்க" என்று மொத்த வரிசைக்கும் அறிவித்தேன்.

பார்த்தார்கள். திரை நீலமாகி அதில் ஒரு சோக முகம் வந்தது. தானே அணைந்து எழுந்தது. மறுபடியும் நீலம், அதே முகம்.

"என்னப்பா, கரண்டு போச்சா?" என்றார் வரிசைக் கடைசியில் நின்றவர்.

"கரண்டு இருக்கு. மாப்ளதான் என்னமோ பண்ணிட்டாக" என்றார் முன்னால் நின்ற அம்மா.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதை, ஏழு முறை செய்தேன். வேர்வையில் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில், "விண்டோஸையே புதுசாப் போடணும் அத்தை. ராத்திரி ஆயிரும்" என்றேன்.

முன்னால் நின்ற அம்மா சிட்டாவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப இந்த வருசம் மழை பொய்ச்சா எங்களுக்கு ஒண்ணுமில்லையா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அத்தை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "கடைசியா எதைத் தொட்டீக மாப்ள?"

சொன்னேன்.

"அதை இருந்தபடிக்கே வைங்க."

"அது அப்படியெல்லாம் லேசுல சரியாகாது அத்தை..."

"எந்திரிங்க."

எழுந்தேன். எந்தப் பொத்தான் என்று கேட்டு, ஏஹெச்சிஐயை ஐடிஇ ஆக்கினார். அவர் சேலையைச் சரிசெய்து உட்காருவதற்குள் விண்டோஸ் வந்துவிட்டது. வரிசையே கைதட்டியது. கடை அடைப்பதற்குள் அத்தனை பேருக்கும் பதிவு முடிந்தது. அதுவரை எனக்குப் பெயர் கூப்பிடும் வேலை. (ஜெராக்ஸ் மிஷின் பக்கம்கூட விடவில்லை.)

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, விண்டோஸை முதலில் சேஃப் மோடு என்ற பாதுகாப்பு நிலையில் எழும்படி தயார்செய்துவிட்டுத்தான் அந்த செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டு, அத்தையே மாற்றிவிட்டார். "நீங்க சொன்னது சரிதான் மாப்ள, இன்னும் கொஞ்சம் வேகமா இருக்கு" என்று போனில் ஆறுதலும் சொன்னார்.

இந்தப் பொங்கலுக்கு மையத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். குடும்பத்தோடு போயிருந்தோம். பூஜை முடிந்ததும் அத்தை எல்லார் முன்னாலும் ஒரு தேங்காயை மரியாதையாக என் கையில் கொடுத்தார்.

"மூத்த மாப்ள நீங்கதான் உடைக்கணும். ரோட்டுல நின்னு உடைங்க. உடைச்சிட்டு அங்கனயே நில்லுங்க, காப்பி கொடுத்துவிடுறேன்."