கல்யாணியில் ஏறித் தோடியில் இறங்கிய சுருட்டுப் பெட்டி

மயிலாப்பூரில் பிறந்துவிட்டுப் பாட வராமல் போவது குற்றமில்லை. என்னைப் போன்றவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. சபா கேன்டீனில் பார்க்கலாம். ஆனால் பாட வராதவன் வாத்தியம் செய்யக் கிளம்பினால் அது குற்றம்தான். நான் கிளம்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பத்தொன்பது வயது. கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு மரச் சுருட்டுப் பெட்டியைக் கொடுத்திருந்தார். (உள்ளே இருந்த சுருட்டெல்லாம் எங்கே போயிற்று என்று சித்தி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.) அம்மா அதில் பட்டனும் நூல்கண்டும் வைத்திருந்தாள். அந்த மாதிரிப் பெட்டியில் கம்பி கட்டினால் கிடார் ஆகிவிடும் என்று ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகையில் படித்தேன். பட்டன்கள் ஊறுகாய் ஜாடிக்குக் குடிபெயர்ந்தன.

கல்லூரித் தோழன் மந்தைவெளி சேகர் கூட்டு சேர்ந்தான். ஜன்னல் வேலையில் மிஞ்சிய ரீப்பர் கட்டை கழுத்தாயிற்று. என் அக்கா ராஜி எப்போதோ கைவிட்ட வயலினிலிருந்து நாலு பிருடைகளைப் பிடுங்கினேன். (பிருடை என்பது கம்பியை முறுக்குகிற மரத் திருகு. இந்தக் கதையின் வில்லன்.)

பேஞ்சோ என்கிற அமெரிக்க வாத்தியத்தின் பாணியில் சுருதி சேர்க்கச் சொன்னது பத்திரிகை. ஒரு குட்டிக் கம்பி 'ச' என்று ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். அடுத்த இரண்டும் 'ப', 'ச'. தகராறெல்லாம் கடைசிக் கம்பியில்தான். அதைக் காந்தாரத்தில், அதாவது 'க'வில், வைத்தால் கல்யாண வீடு மாதிரி கலகலத்தது. சற்று ஏற்றி மத்தியமத்தில், அதாவது 'ம'வில், வைத்தால் எதையோ தொலைத்தவன் போல் ஏங்கியது. எதை வைப்பது என்று நானும் சேகரும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பரீட்சைக்கு அவ்வளவு யோசித்திருந்தால் இன்று எங்கேயோ இருந்திருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை ரகு, ஆதம்பாக்கம். ராஜிக்கு அவனை முன்பே பிடித்துப் போயிருந்தது. சிக்கல் அவன் அம்மா. பாட்டு டீச்சர். "சுருதி சேரலை" என்று சொல்லி ஏற்கெனவே மூன்று பெண்களை வேண்டாமென்றவர்.

காலையில் ராஜி என் பெட்டியை மீட்டிப் பார்த்து அசந்துபோனாள். "பரவாயில்லையேடா, என் அஞ்சு கட்டை சுருதி! காந்தாரம் கல்யாணிக்கு நன்னா சேர்றது. இப்படியே இருக்கட்டும், கை வைக்காதே."

தலையாட்டினேன். மத்தியானம் சேகர் வந்தான்.

"இன்னா மச்சி, பேண்டு செட்டு மாதிரி கீது. ஏத்தி வையி, அதான் நெஞ்சைப் புடிக்குது."

நான் அப்போது தி.நகர் கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு பெண்ணைத் தூரத்திலிருந்து காதலித்துக்கொண்டிருந்தேன். (அவளுக்குத் தெரியாது. அவ்வளவு தூரம்.) எனக்கும் ஏக்கம்தான் வேண்டியிருந்தது. ஏற்றினேன்.

"பிருடை வழுக்கிக்கினே கீது பாரு, சாக்பீஸ் தடவு" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் தடவவில்லை.

மாலையில் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, விசாரிப்பு எல்லாம் ஆயிற்று. "கல்யாணி கொஞ்சம் ஆலாபனை பண்ணேன்" என்றார் ரகுவின் அம்மா. அப்பா சுருதிப் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டார். கரண்ட் போயிற்று.

எல்லாரும் விழித்தார்கள். நான் ஆபத்பாந்தவனாக எழுந்து உள்ளே ஓடினேன். தொப்பி போட்ட மீசைக்கார வெள்ளைக்காரன் படம் ஒட்டிய பெட்டியோடு நான் வெளியே வந்ததைப் பார்த்து அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மீட்டினேன். ராஜி கல்யாணியைத் தொடங்கினாள். அவளுடைய மத்தியமம் ஒன்று, மத்தியானம் நான் ஏற்றி வைத்த மத்தியமம் இன்னொன்று. இரண்டும் குழாயடியில் குடம் மோதிக்கொண்டதுபோல் மோதின. ரகுவின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். ராஜி என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி வெந்துபோனேன்.

கம்பியைக் காந்தாரத்துக்கு இறக்கிவிடலாம் என்று பிருடையைத் திருகினேன். அசையவில்லை. வேறு வழியில்லாமல் ராஜி சங்கராபரணத்துக்கு மாறினாள். என் மத்தியமம் அதில் அழகாகப் பொருந்தியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போது பார்த்து பிருடை அசைந்தது.

கம்பி வழுக்கி, வேண்டிய காந்தாரத்தைத் தாண்டி, அதற்குக் கீழே இருந்த இன்னொரு காந்தாரத்தில் போய் நின்றது. ராஜி கண் இமைக்காமல் கரகரப்பிரியாவுக்கு வந்தாள். நான் பதறிப்போய் மேலே திருகினேன். அது மேலும் கீழே, சுத்த ரிஷபத்துக்கு இறங்கியது. அவள் தோடிக்குப் போனாள். என் நெற்றி வியர்வை பெட்டியில் சொட்டியது. கம்பி தானாகவே 'ச'வுக்கு வந்து சேர்ந்தது. ராஜியும் 'ச'வில் வந்து கம்பீரமாக முடித்தாள். அத்தோடு பிருடை தெறித்துத் தேங்காய்ச் சட்னிக்குள் விழுந்தது.

ரகு கர்ச்சீப்பை வாயில் வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தான். ராஜியின் கண்ணில் தண்ணீர் நின்றது. என்னால்தான் இந்த இடம் போயிற்று என்று எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

ரகுவின் அம்மா ஸ்பூனால் பிருடையை வெளியே எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொண்ணு சுருதியை விடலை" என்றார். "சுருதிதான் பொண்ணை விட்டுடுத்து. அது எங்கே ஓடினாலும் விடாம துரத்திண்டு போய்ப் பிடிச்சாளே! எங்காத்துல ஒருத்தன் சொல்ற பேச்சிலே நிக்க மாட்டான். அவனுக்கு இவதான் சரி."

ரகு சிரிப்பை நிறுத்தினான். ராஜி சிரிக்க ஆரம்பித்தாள். முகூர்த்தம் தை மாதத்தில் நடந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பெரிதாக ஆரம்பித்துச் சிறிதாக முடித்தால் "தோடிக்கு வந்தாச்சா?" என்போம். பாலவாக்கத்தில் கடலைப் பார்த்த மாதிரி வீடு வாங்குவேன் என்று ஆரம்பித்த ரகு அத்திம்பேர், ஆதம்பாக்கத்திலேயே பழைய வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அக்கா அதைத்தான் சொன்னாள்.

போன மாதம் அவர்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம். யாரோ பாடத் தொண்டையைக் கனைக்கும்போது கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்று கூடமே அமைதியானது. மூலை நாற்காலியிலிருந்து அத்திம்பேரின் அம்மா குரல் கேட்டது.

"அந்தப் பிள்ளையாண்டான் எங்கே இருக்கான்? கையிலே ஒண்ணும் இல்லையே?"

எனக்கு ஐம்பது வயது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.